ஓரடிக்கு ஓரடி

விசையை ஒரு முறை அழுத்தினால் ஒரு காலடிச் சத்தம். அவர்கள் செய்துகொண்டிருந்த கணினி விளையாட்டில் அதுதான் கணக்கு. அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மாடி அறையில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் விசையை ஒரே ஒரு முறைதான் அழுத்தினாள். இரண்டு சத்தம் கேட்டது.

முதலாவது பழகிய சத்தம்தான்; தம்பி செருப்புக்காலோடு ஒரு மரப்பலகைமேல் நடந்து பதிவுசெய்தது. இரண்டாவது அதற்குச் சற்றுப் பின்னால், சற்றுத் தள்ளி, ஈரத்தரையில் வெறுங்காலை வைத்து எடுத்ததுபோல் கேட்டது. மறுபடி அழுத்திப் பார்த்தாள். டக். அப்புறம், பச்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கள்ளப்பயல், இந்தத் தடவை முந்திக்கொண்டுவிட்டான் என்று நினைத்தாள்.

அக்காவும் தம்பியுமாக இரண்டே பேர் நடத்தும் கடை அது. படமும் விதிகளும் அக்கா, சத்தமெல்லாம் தம்பி. அவன் வேறு ஊரிலிருந்தான், வேலை மட்டும் கம்பி வழியாக வந்துபோகும். விளையாட்டின் பெயர் 'கருக்கல்'. இருட்டு மாளிகைக்குள் ஒருவன் விளக்கோடு இறங்குகிறான், அவ்வளவுதான் கதை. செத்தால் செத்ததுதான், மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஒவ்வொரு முறையும் அறைகள் வேறுவிதமாக அடுக்கப்பட்டிருக்கும். ஆட்டக்காரனுக்கு எதையும் சொல்லித் தருவதில்லை. பச்சைக் குப்பியில் இருப்பது மருந்தா விஷமா என்று குடித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மணியடித்தால் பாம்பு தூங்கிவிடும் என்பதை எவனாவது ஒருவன் பயத்தில் மணியை இடறிப் பிழைத்துத்தான் அறிய வேண்டும். அப்படி ஒன்றை அறிந்துகொண்டால் திரையின் அடியில் 'ஒன்று தெரியவந்தது' என்று ஒரு வரி வரும், கையிலிருக்கும் விளக்கின் வெளிச்சம் ஒரு சுற்று பெரிதாகும். பரிசு அதுதான். அதற்கே பைத்தியமாக விளையாடுகிறவர்கள் இருந்தார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. ஆட்டக்காரன் ஓரடி வைத்தால் அந்த மாளிகையில் இருக்கிற எல்லாமே ஓரடி வைக்கும். அவன் நின்றால், பாய வந்த பாம்பும் பாய்ந்த வாக்கில் நிற்கும். கையை ஆட்டலாம், பையைத் துழாவலாம், தொண்டை கிழியக் கத்தலாம், ஒன்றும் கணக்கில் வராது. கால்தான் கணக்கு. இந்த யோசனையை அவளுக்குத் தந்ததே மகள்தான். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், வீட்டில் கூப்பிடுவது வாலு என்று, காரணப்பெயர். யாராவது 'ஸ்டேச்சு' என்று சொன்னால் இருந்த இடத்தில் சிலையாக நிற்கவேண்டிய ஆட்டத்தில் அவளுக்கு உயிர், ஆனால் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. கன்னம் உப்பும், உதடு துடிக்கும், அப்புறம் சிரிப்பு பீறிட்டுத் தூக்கிய கால் தரைக்கு வந்துவிடும்.

அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் வேறொரு ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பதிப்பிலும் ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் எதையாவது ஒளித்துவைப்பார். விளையாடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கேட்கக்கூடாது. கேட்டவர் தோற்றவர். செய்தவர்களுக்கே தெரியாத ஏதாவது ஒன்று உள்ளே இருந்தால்தான் விளையாட்டுக்கு உயிர் இருக்கும் என்பது தம்பியின் கட்சி, அவளும் அதற்குத் தலையாட்டியிருந்தாள். ஆகவே இந்த ஈரக்காலைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

சத்தம் கேட்டது சோதனை வீட்டில். கதவு ஒழுங்காகத் திறக்கிறதா, படியில் கால் மாட்டுகிறதா, வெளிச்சம் மூலைக்குப் போகிறதா என்று பார்க்க இந்தத் தொழிலில் எல்லாருமே ஒரு வெற்று அறையைக் கட்டிக்கொள்வார்கள். அவள் சோம்பல்பட்டுத் தான் குடியிருக்கும் வாடகை வீட்டையே அப்படியே கட்டிவைத்திருந்தாள். மேலே இந்த வேலை அறை, ஒரு சின்ன நடை, நேராக இறங்கும் படிக்கட்டு, கீழே கூடம், படி முடியும் இடத்துக்கு எதிரே வாசல்கதவு. படிக்கட்டுக்கு அடியிலிருக்கும் சரிவான பொந்தில் செருப்பு ஸ்டாண்டு. அதைக்கூட விடாமல் வரைந்திருந்தாள். விளையாடக் கொடுக்கும்போது இந்த வீட்டை நீக்கிவிட வேண்டும். நீக்கிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

திரையில் தன் பொம்மையை நடத்திக் கூடத்துக்குக் கொண்டுவந்தாள். டக், பச். டக், பச். ஈரச்சத்தம் படிக்கட்டுக்கு அடியிலிருந்து வந்துகொண்டிருந்தது, நெருங்க நெருங்க அதற்குள் இன்னும் மெல்லிய ஒன்றும் கேட்டது, தோல் தரையை விட்டுப் பிரியும் சத்தம், ஒட்டியிருந்த ஒன்றை மனசில்லாமல் எடுப்பதுபோல. நல்ல வேலை, ரொம்ப நல்ல வேலை என்று அவளுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. பொந்துக்கு எதிரே பொம்மையை நிறுத்தினாள். திரையின் அடியில் வரி வந்தது: 'ஒன்று தெரியவந்தது'. விளக்கு ஒரு சுற்று பெரிதானது. தரையில் ஈரத்தடங்கள் தெரிந்தன.

ஐந்து விரலும் தனித்தனியாக, குதிகால் மட்டும் பதியாமல். நீளமான பாதம், முன்பாதத்தில் மட்டும் எடை. அப்படியே மழையில் நனைந்துவிட்டு யாரோ நுனிக்காலில் நின்றதுபோல் இருந்தது. அவள் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. தம்பி வரைந்தால் நாய்க்கும் நாற்காலிக்கும் வித்தியாசம் தெரியாது. யாரையோ பிடித்து வரையச் சொல்லியிருக்கிறான் போல என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

ஹெட்போனைக் கழற்றியபோது மேசைமேல் போன் அதிர்ந்தது. எறும்பு. அது அவன் வைத்துக்கொண்ட பெயர், முகம்கூடப் பார்த்ததில்லை. எந்த விளையாட்டைக் கொடுத்தாலும் இண்டு இடுக்கு விடாமல் புகுந்து பார்த்துக் குறை சொல்கிறவன், அதனால் ஒவ்வொரு பதிப்பும் முதலில் அவனுக்குத்தான் போகும். வரிசையாகச் செய்திகள் வந்திருந்தன.

"அக்கா, அந்தக் கழுத்து சாஞ்ச ஆள கண்டுபிடிச்சிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, மிரட்டிட்டீங்க."

"ஒரு வீடு வருதே, மாடிப்படிக்கு அடியில செருப்பெல்லாம் அடுக்கி வெச்சு. அங்கதான் நிக்கிறான். நான் நடந்தா நடக்குறான், நின்னா நிக்கிறான்."

"கொஞ்சம் கொஞ்சமா நகந்து வாசக்கதவு வரைக்கும் இழுத்துட்டு வந்துட்டேன்."

"வெளிய கொண்டுவந்துட்டேன் அக்கா! 'ஒன்று தெரியவந்தது'ன்னு வந்துச்சு. விளக்கு நல்லா பெருசாச்சு. ஆனா அதுக்கப்புறம் ஆளயே காணோம். எங்க போனான்?"

அவளுக்கு முதலில் உறைத்தது வெட்கம்தான். சோதனை வீடு வெளியே போயிருக்கிறது. தன் கூடம், தன் படுக்கையறைக் கதவு, மகளின் செருப்பு, எல்லாம் யாரோ ஒருவன் திரையில் சாவகாசமாகச் சுற்றிப் பார்த்திருக்கிறான். கழுத்து சாய்ந்த ஆள் என்ற வார்த்தை அதற்குப் பிறகுதான் உள்ளே இறங்கியது.

திரைக்குத் திரும்பினாள். பொந்துக்கு எதிரே பொம்மை விட்ட இடத்திலேயே நின்றது. தடங்கள் இல்லை. ஹெட்போனை எடுத்து மாட்டி, விசையை அழுத்தினாள்.

டக்.

காத்திருந்தாள். இன்னொரு முறை அழுத்தினாள். டக். அவ்வளவுதான். ஒரு விசைக்கு ஒரு சத்தம், கணக்கு சரியாகிவிட்டது. சரியானது ஏன் இவ்வளவு மோசமாக இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

வெளியே மேகம் கவிந்து, விளக்குப் போடாத அறைகள் நேரத்துக்கு முன்னாலேயே மங்கிக்கிடந்தன. ஜன்னல் கம்பியில் காலை மழையின் ஒரு சொட்டு இன்னும் விழாமல் தொங்கியது, கீழே ஃபிரிட்ஜ் முனகிவிட்டு நின்றது, அது நின்றபின்தான் வீட்டில் வேறு சத்தமே இல்லை என்பது தெரிந்தது. கணவன் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தான். மகள் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. தொண்டை காய்ந்திருந்தது. தண்ணீர் குடிக்கலாம் என்று போனை எடுத்துக்கொண்டு எழுந்து ஓரடி வைத்தாள்.

கீழே, பச்.

ஹெட்போன் மேசைமேல் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு தன் காலைப் பார்த்தாள். குழாய் ஒழுகுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இன்னோரடி. பச். குழாய்க்கு அவள் நடை எப்படித் தெரியும்? வேகமாக மூன்றடி வைத்தாள், அறைக்கதவைத் தாண்டினாள். கீழேயும் வேகமாக மூன்று. நின்றாள். நின்றது.

பயந்தவர்கள் ஓடுவார்கள், அலறுவார்கள். அவளுக்குத் தொழில்புத்தி முந்திக்கொண்டது. வலது கையைத் தூக்கினாள், ஒன்றும் இல்லை. தலையைத் திருப்பினாள், ஒன்றும் இல்லை. "யாரு?" என்றாள், குரல் ஒரு மாதிரி உடைந்து வந்தது, ஒன்றும் இல்லை. ஒரு காலைத் தூக்கி நடையில் வைத்தாள். பச். ஆக கால்தான் கணக்கு. அவளே எழுதிய விதி. தெரிந்துகொண்டதும் மூக்கில் ஒரு நாற்றம் ஏறியது, ஈரத்தோடு பெட்டிக்குள் பூட்டிவைத்து மறந்துபோன செருப்பின் நாற்றம், அது முன்பே இருந்து இப்போதுதான் அவளுக்கு அனுமதி கிடைத்ததுபோல் படிக்கட்டு வழியாக ஏறி வந்தது. ஒவ்வொன்று தெரியவரும்போதும் வெளிச்சம் ஒரு சுற்று பெரிதாகும். அதுவும் அவள் எழுதியதுதான்.

நடை முடிந்து படிக்கட்டு தொடங்கும் இடத்துக்கு இன்னும் இரண்டடி. எட்டிப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. வைத்தாள். பார்த்தாள்.

கூடத்து மொசைக் தரையில் ஈரத்தடங்கள். செருப்பு ஸ்டாண்டிலிருந்து புறப்பட்டு, படிக்கட்டின் பக்கவாட்டைச் சுற்றிக்கொண்டு, படிக்கு வந்து, முதல் படியில் ஒன்று, இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் ஒன்று. குதிகால் இல்லாத தடங்கள். விரல்களெல்லாம் அவளைப் பார்த்து. மூன்றாவது படியின்மேல் எதுவுமே இல்லை, வெறும் காற்று. ஆனால் அந்தக் காற்றிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து படியில் தெறித்தது.

அவள் நின்றாள். பின்னால் ஓடினாலும் அடி, முன்னால் போனாலும் அடி. 'கருக்கலி'ல் எல்லாப் பகையும் நடக்கிறவனை நோக்கித்தான் வரும், அதுவும் அவள் எழுதிய விதிதான். போனில் தம்பியை அழைத்தாள். விரலுக்குக் கணக்கு இல்லை.

"என்னக்கா, கேக்கப்போறியா? தோத்துட்டியா?" தம்பியின் குரலில் அத்தனை சந்தோஷம்.

"தோத்துட்டேன்டா. சொல்லு. என்ன வெச்ச நீ?"

"நான் என்ன வெச்சேன்? நீதானே வெச்ச."

"விளையாடாத. அந்தக் காலடி. ஈரக்காலு."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "அக்கா, அது உன்னோடதுன்னு நெனச்சு நான் வாரக்கணக்கா வாயக் கட்டிக்கிட்டு இருக்கேன். கேட்டா தோத்துருவேனேன்னு. எங்கிட்ட அப்படி ஒரு சத்தமே கெடையாது. நீ வெச்சதில்லையா அப்ப?"

இரண்டு பேரும் கேட்காமலேயே இருந்திருக்கிறார்கள். ஒருவர்மேல் ஒருவர் வைத்த மரியாதைதான். நடுவில் அது உட்கார்ந்து வளர்ந்திருக்கிறது.

"அக்கா? லைன்ல இருக்கியா? பாப்பா வந்துட்டாளா?"

பாப்பா.

வாசல்கதவுக்குத் தாழ்ப்பாள் போடவில்லை. போடுவதே இல்லை. வாலு வந்து புத்தகப்பையால் முட்டித் தள்ளித் திறந்துகொள்வாள், அது அவளுக்குப் பெருமை. உள்ளே வந்தால் நடக்கமாட்டாள், ஓடுவாள். பள்ளி வேன் நிற்கும் இடத்திலிருந்து அம்மாவின் இடுப்பு வரை ஒரே ஓட்டம். மாடியில் நின்றவளுக்கு, வாழ்க்கையில் பயப்படவேண்டியதாக இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்த எல்லாமே அந்தக் கணத்தில் அற்பமாகிப்போனது. வேனை நிறுத்த வேண்டும், தெருமுனையிலேயே நிறுத்த வேண்டும், எவ்வளவு நேரமானாலும் பிள்ளையை இறக்காதே என்று சொல்ல வேண்டும். தம்பியின் அழைப்பை வெட்டிவிட்டு வேன் டிரைவரின் எண்ணை அழுத்தினாள்.

மணி அடித்தது. காதில் அடித்தது. வெளியேயும் அடித்தது, வாசலுக்கு நேர் எதிரே.

"மேடம், வந்துட்டோம் மேடம். பாப்பா இறங்கிட்டா."

"அண்ணே, அவள விடாதீங்க! புடிங்க!"

"என்னா மேடம்? கேக்கல..."

கேட் கிரீச்சிட்டது. வேன் கிளம்பிப் போகும் சத்தம். அதன்மேல், வாசல் சிமெண்டில், பழகிய ஷூவின் ஓட்டம்.

மூன்றாவது படியில் ஈரமாக ஒரு சத்தம். புதிய தடம் விழுந்தது. இரண்டாவது படியில்.

அது கீழே இறங்கியிருந்தது. விரல்கள் வாசலைப் பார்த்து.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த நொடிக்காக அவள் தன்னை மன்னிக்கப்போவதில்லை. பச். பச். பச். வாசலில் ஷூ ஓடஓட, உள்ளே கூடத்தில் தடங்கள் ஓடின. ஓரடிக்கு ஓரடி. பின்வாங்காமல். நேராகக் கதவுக்கு.

"வராத! உள்ள வராத!" கத்தினாள். வறண்ட தொண்டையில் காற்றுதான் வந்தது. இறங்கி ஓடக் காலைத் தூக்கினாள். தூக்கிய காலை வைக்கவில்லை. வைத்தால் அதற்கும் ஓரடி. யார் வைத்தாலும் அதற்கு ஓரடி.

மெல்ல, சத்தமில்லாமல், அதே இடத்திலேயே பாதத்தை இறக்கினாள்.

பச்.

அதுவும் கணக்கு.

புத்தகப்பை கதவில் முட்டியது. கதவு திறந்தது. வெளியிலிருந்து மேகம் மறைத்த பகலின் கடைசி வெளிச்சம் கூடத்துக்குள் நீளமாக வந்து விழுந்தது. அந்த வெளிச்சத்தில் அவளுக்கு ஒன்று தெரியவந்தது.

கதவுக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டி. உயரமானது. கூடத்தில் நிமிர்ந்து நிற்க இடம் இருந்தும் நிமிரவில்லை. எத்தனை காலம் படிக்கட்டின் அடியில் நின்றதோ, கழுத்து அந்தச் சரிவுக்கே வளைந்துபோய்த் தலை தோளில் படுத்திருந்தது. நனைந்த தலைமுடி. நுனிக்கால். கைகள் உடம்போடு ஒட்டி, செருப்பு வைக்கும் இடத்தில் செருப்பைப்போல் பொருந்தி நின்று பழகிய கைகள். முகம் குழந்தை வரும் உயரத்துக்குக் குனிந்திருந்தது.

"அம்மா!"

மகளின் கண் அம்மாவை மட்டும்தான் பார்த்தது. வாசற்படியைத் தாண்டி ஓரடி. பச். இன்னோரடிக்குக் கால் எழுந்தது. அவளுக்கும் அதற்கும் நடுவில் ஓரடிதான் இருந்தது.

"ஸ்டேச்சு!"

எங்கிருந்து அந்தக் குரல் வந்ததென்று அம்மாவுக்கே தெரியாது. முழுக்குரல். வீடு அதிர்ந்தது.

வாலு நின்றாள். ஒற்றைக்காலில். வலது ஷூ தரைக்கு ஒரு சாண் மேலே, ஈரமண் ஒட்டிய அடிப்பாகம் தெரிய, அப்படியே. கைகள் இரண்டும் பறக்கப்போவதுபோல் விரிந்து நின்றன. புத்தகப்பை ஒரு தோளிலிருந்து மெல்ல நழுவிக்கொண்டிருந்தது. கண்கள் விளையாட்டில் பளபளத்தன. அம்மாவே ஆரம்பித்திருக்கிறாள், இந்தத் தடவை விடக்கூடாது என்ற பிடிவாதம் அந்தக் குட்டி முகம் முழுக்க இருந்தது.

அவளுக்குப் பின்னால் அதுவும் நின்றது. அடுத்த அடிக்குத் தூக்கிய காலோடு.

"செல்லம்," என்றாள் படிக்கட்டின் உச்சியிலிருந்து. குரலை விளையாட்டுக்குரலாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள், கண்ணீர் வழிந்து வாய்க்குள் போனது. "கால கீழ விடாத கண்ணு. இன்னிக்கு நீதான் ஜெயிக்கணும். அம்மா சொல்ற வரைக்கும். அம்மாவுக்காக."

"எவ்ளோ நேரம்மா?" உதட்டை அசைக்காமல் கேட்டாள் மகள்.

அம்மாவின் கையிலிருந்த போனில் தம்பி திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தான். அது அதிர்ந்து அதிர்ந்து அடங்கியது.

சாய்ந்த தலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் மகளின் கழுத்தில் விழுந்தது. அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"அம்மா, கூசுது," என்றாள்.

கன்னம் உப்பியது. உதடு துடிக்க ஆரம்பித்தது. தூக்கிய கால் ஆடியது.